பட்டினித் தாயின் புருஷன்

ஒத்திலியாவுக்குப் பசி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலி நாட்டின் தெற்கே, மழை ஓயாத ஊரில் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவள். அந்த நாளிலெல்லாம் அவளைப் படம் பிடிக்க ஒருவனும் வரவில்லை. நாட்டின் பட்டினிக்கே அடையாளமாக அவள் முகம் பத்திரிகையில் வந்தபோது, அவள் வயிறு முட்டக் கோழிக்கறி தின்றுவிட்டு நின்றிருந்தாள்.

தலைநகர் சாந்தியாகோவின் மேட்டுத்தெருவில் சென்யோரா மெர்சேதஸ் என்ற எசமானியம்மா வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிக்குப் போவாள். அங்கே அவள் புருஷன் செகுந்தோ பராசா காத்திருப்பான். நெசவாலையில் தறி ஓட்டுகிறவன். முதலாளி கப்பலேறிப் போன பிறகு அந்த ஆலையைத் தொழிலாளிகளே நடத்தினார்கள். ஜனாதிபதி வைத்தியம் படித்தவர் என்பதால் செகுந்தோ அவரை டாக்டர் என்றுதான் சொல்வான், ஏதோ தினமும் வீட்டுக்கு வந்து நாடி பார்த்துவிட்டுப் போகிறவர் மாதிரி. தேர்தலில் புருஷனும் பெண்டாட்டியும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

மேட்டுத்தெருவுக்கு டாக்டரைக் கண்டாலே ஆகாது. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார், செம்புச் சுரங்கங்களை வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து பிடுங்கி நாட்டுக்குச் சொந்தமாக்கினார். போதாதா? சாயங்காலம் ஆனால் தெருப் பெண்கள் மாடியில் நின்று காலிப் பானையைத் தட்டுவார்கள். "எங்கள் பானையில் ஒன்றுமில்லை, பட்டினி கிடக்கிறோம்" என்று அர்த்தம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சென்யோரா வீட்டில் சட்டியில் இருப்பதே பெரிய தொந்தரவாகப் போயிற்று. தட்டினால் கணீரென்று கேட்கும் பானை ஒன்றே ஒன்று, அந்தப் பெரிய செம்புப் பானை. அதில்தான் கோழியும் பூசணியும் சோளக் கதிரும் போட்டு கசுவேலா என்கிற குழம்பு கொதிக்கும். தட்டும் நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒன்று. ஆகவே ஒத்திலியா தினமும் கசுவேலாவை வேறு பாத்திரத்தில் ஊற்றி, பானையைக் கழுவித் துடைத்துக் காலிப் பானையாக்கித் தர வேண்டும். அவ்வளவு குழம்பும் கொள்ளும் பாத்திரம் அந்த வீட்டில் இன்னொன்றுதான் இருந்தது. சென்யோரா தன் கால்களை ஊறவைக்கும் பீங்கான் தொட்டி.

"நல்லாக் கழுவினியாடீ?"

"கழுவினேன் சென்யோரா."

"அப்ப சரி. நாட்டுக்காக இதெல்லாம் பொறுத்துக்கத்தான் வேணும்."

சென்யோராவுக்கு இரண்டு நிமிஷம் தட்டுவதற்குள் தோள் வலிக்கும், நகப்பூச்சு உதிரும். அப்புறம் கரண்டியை ஒத்திலியா கையில் திணித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். எதிர்வீட்டு மாடியிலும் அதே கதை. அந்தத் தெருவில் கொலைப்பட்டினி என்று வானம் அதிர முழங்கியதெல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்கிற சமையல்காரிகள்தான். அலுப்புத் தெரியாமல் இருக்க அவர்கள் திருவிழா நடனத்தின் தாளத்தைத் தட்டினார்கள். எசமானிகளுக்கு அது தெரியவில்லை.

ஒருநாள் விருந்துக்கு ஒரு கிரிங்கோ வந்தான். வட அமெரிக்க வெள்ளைக்காரனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். செம்புக் கம்பெனியின் ஆலோசகர் என்றார்கள். சுரங்கமே கைவிட்டுப் போன பிறகு எதற்கு ஆலோசனை என்று யாரும் கேட்கவில்லை. மாதர் சங்கம், பத்திரிகை ஆபீஸ், லாரி முதலாளிகள் என்று அவன் போன இடமெல்லாம் டாலர் முளைத்தது. லாரிகள் ஓடாமல் நின்றால் அதற்கும் டாலர். வேலை செய்யாமலிருக்கக் கூலி கொடுத்த புண்ணியவான் அவன் ஒருவன்தான்.

தொட்டியிலிருந்து பானைக்குத் திரும்பியிருந்த கசுவேலாவை இரண்டு தட்டு ஒழித்துவிட்டு, "இந்த ருசி எங்க ஊர்ல கிடையாது" என்றான். ஒத்திலியா காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். கிடைக்காதுதான்.

சாப்பிட்டு முடித்தவன், பத்திரிகையில் போட ஒரு படம் வேண்டும் என்றான். சென்யோரா முத்து மாலையோடு போய் மாடியில் நின்றாள். கிரிங்கோ உதட்டைப் பிதுக்கினான். "உங்களைப் பார்த்தா பசியா இருக்கிற மாதிரி தெரியலையே" என்று சுற்றுமுற்றும் பார்த்தவன், ஈரத் தரையில் செருப்போடு மிதித்துக்கொண்டு ஒத்திலியாவிடம் போனான். அப்போதுதான் துடைத்த தரை. அவள் முகத்தில் கொலைவெறி வந்தது.

"இதுதான்! இதுதான்! பசியோட முகம்னா இது!"

பானையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தான். அது முதலில் அவன் ஊர்ப் பத்திரிகையில் வந்தது. பிறகு அங்கிருந்து கப்பலேறி சாந்தியாகோ பத்திரிகைக்கும் வந்தது. தலைப்பு: பட்டினித் தாய். ஒத்திலியாவுக்குப் பிள்ளையே கிடையாது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனால், செகுந்தோ மீன் பொதிந்து வந்த, அவள் படம் போட்ட தாளை நீவி மேசைமேல் விரித்து வைத்திருந்தான்.

"ஏன் கறுப்பி, நம்ம ஓட்டுப் போட்ட ஆளையே கரண்டியால கவுக்கறியா?"

"சம்பளம் தர்றவ தட்டுன்னா தட்டணும் கிழவா. கைதான் அவளுது. ஓட்டு நம்மளுது."

பெண்டாட்டியைக் கறுப்பி என்பதும், முப்பது வயதுக்காரனைக் கிழவா என்று கூப்பிடுவதும் அந்த ஊர்க் கொஞ்சல். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீனைச் சுத்தம் செய்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கூட்டத்துல தோழருங்க கேட்டா என்ன சொல்ல?" என்றான்.

"உன் பொண்டாட்டி பட்டினின்னு சொல்லு. புருஷன் சரியாக் கவனிக்கலைன்னு சொல்லு."

அவன் சிரித்துவிட்டான். அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சனிக்கிழமைகளில் அது ஒன்று.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராணுவ விமானங்கள் ஜனாதிபதி மாளிகைமேல் குண்டு போட்டன. தன் நாட்டு மாளிகையைத் தானே குறி பார்த்து அடித்தது அந்தப் படை. மத்தியானத்துக்குள் டாக்டரும் இல்லை, அரசாங்கமும் இல்லை. சென்யோரா பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினாள், ஒத்திலியாவுக்கும் ஒரு வாய். அதுவரை கண்ணில் படாத சர்க்கரையும் எண்ணெயும் இரண்டொரு நாளில் கடைகளில் வந்து குவிந்தன. தொலைந்துபோனவை மனிதர்கள்தான். நெசவாலையில் இருந்த எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கால்பந்து மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செகுந்தோவும் ஏறியதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

"சென்யோரா, ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்களேன். உங்க தம்பி ராணுவத்துல இருக்காரே."

"உன் புருஷனா? சேச்சே. நீ நம்ம வீராங்கனைடீ. கண்டதைப் பேசி பேரைக் கெடுத்துக்காதே."

வீராங்கனை என்றது வாய்வார்த்தை இல்லை. மாதர் சங்கத்தில் விழா வைத்து, ஒரு தளபதியின் மனைவி அவள் மார்பில் பதக்கம் குத்தினாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். ஒத்திலியா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

மறுநாள் கம்பளிச் சட்டை, உள்ளாடை, ரொட்டி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். வாசலில் பெண்கள் மூட்டையும் கையுமாக வரிசையில் நின்றார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று பொருள். வாங்காவிட்டால் என்ன பொருள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒத்திலியா வரிசையின் கடைசியில் போய் நின்றதும், காவலுக்கு நின்ற சார்ஜென்ட் ஓடிவந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"அம்மா, நீங்களா! உங்க படத்தை என் சம்சாரம் அடுப்படியில ஒட்டி வச்சிருக்கா. இங்க ஏன் நிக்கறீங்க? இது துரோகிங்க பொண்டாட்டிங்க நிக்கிற வரிசை."

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார் ஐயா. செகுந்தோ பராசா."

சார்ஜென்ட் அவள்மேல் இரக்கப்பட்டான். குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி விரல் மடக்கிச் சொன்னான்.

"பாருங்கம்மா. பட்டினித் தாயோட புருஷன் சிவப்புக்காரனா இருக்க முடியாது. சிவப்புக்காரன் இல்லாதவன் உள்ள இருக்க முடியாது. அப்ப அவர் வீட்டுலதான் இருக்கார். போய்ப் பாருங்க."

அவன் சொன்ன தோரணையில் ஒத்திலியாவுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள், அந்தப் பைத்தியக்காரி. மறுநாள் திரும்பி வந்தாள். மறுபடி சல்யூட், மறுபடி அதே கணக்கு. மூட்டையைத் தொடக்கூட இல்லை. அதற்கும் மறுநாள் அவளுக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். வரிசையிலிருந்த பெண்கள் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள். அவள் பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்; ஆனாலும் முகத்தைக் கழற்றி வைக்க முடியவில்லையே.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். உண்மையைச் சொன்னால் புருஷனுக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மாதிரி. தன்னையும் பிடித்துப் போடலாம். சொல்லாவிட்டால் செகுந்தோ உள்ளே இல்லவே இல்லை. இல்லாத ஒருவனை அடித்தாலும் புதைத்தாலும் நாளைக்கு யார் போய்க் கேட்பது? சிவப்புக்காரனாக இருந்தாலும் சரி, அவன் இருந்தாக வேண்டும்.

எழுந்தாள்.

"ஐயா, நான் பட்டினி கெடக்கலை. அந்தப் பானை நெறைய கோழிக் குழம்பு. கால் ஊறவைக்கிற தொட்டியில ஊத்தி வச்சுட்டுத்தான் தட்டினேன். சம்பளத்துக்குத் தட்டினேன். நான் வீராங்கனை இல்லை, வேலைக்காரி. என் ஓட்டு டாக்டருக்கு. என் புருஷன் ஓட்டும் அவருக்குத்தான். அவர் உள்ளதான் இருக்கார்."

சார்ஜென்ட் வாயைப் பிளந்தபடி நின்றான். நாட்டின் தலைவிதி மாறியதைவிட அவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. "கால் ஊறவைக்கிற தொட்டியா?" என்று மட்டும் கேட்டான். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டான். அவன் காட்டிய மரியாதையும் அதோடு போயிற்று.

"போடீ, போய் கடைசியில நில்லு."

போய் நின்றாள். பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முன்னால் நின்ற பருத்த பெண் மெல்லத் திரும்பி, தன் மூட்டையை இடுப்புக்கு மாற்றி, நிழலில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

"உள்ள யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அந்தப் பெண் தலையாட்டினாள். வெயில் ஏறி இறங்கும் வரை வரிசை நகர்ந்தது. மூட்டை வாங்கும் சன்னலில் இருந்த சிப்பாய் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பேரு?"

"செகுந்தோ பராசா."

அவன் உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வந்து, கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"வியாழக்கிழமை வா. அழுக்குத் துணி தருவோம், தொவைச்சு எடுத்துட்டு வரணும்."

வாழ்நாள் முழுக்க ஊரார் அழுக்கைத் துவைத்தவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நன்றி ஐயா, நன்றி ஐயா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்தவளுக்கு இடம் விடச் சொல்லி அவன் அதட்ட வேண்டியதாயிற்று.