பதினான்கு தலைமுறையும் ஒரு மாமியும்

கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சிய பசைக்கு இரண்டாம் நாள் காலையில் ஒரு புளித்த மணம் வந்துவிடும். அந்த மணத்தோடு, விரலில் மை ஒட்டும் பத்திரிகைத் தாளும், ஒழுங்கையின் முடிவில் தண்டவாளத்துக்கு அப்பால் கிடந்த கடலின் உப்புக்காற்றும் சேர்ந்தால், எனக்கு அது பதினொரு வயதின் ஆகஸ்ட் விடுமுறை. மற்றப் பிள்ளைகள் அந்த விடுமுறையில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் "மரண அறிவித்தல்" வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், வேறொருவர் வீட்டின் பின்புறத்தில் ஒட்டிக் கட்டிய "அனெக்ஸ்" ஒன்றில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அப்பா கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் "கிளாக்கர்" வேலை பார்த்தார். ஊரில் வீடு இருந்தது, காணி இருந்தது, அதில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. வரும்போது கையோடு கொண்டுவர முடிந்தது வம்சம் ஒன்றைத்தான். அதற்கு மட்டும் சோதனைச் சாவடியில் யாரும் "பாஸ்" கேட்கவில்லை.

அப்பா பத்திரிகையைக் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் வாசிப்பார். எங்கள் ஊரவர், எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர் என்று யாராவது இறந்திருந்தால் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவார். நான் வெட்டி, பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் ஒட்டி, பக்கத்தில் திகதி எழுத வேண்டும். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இறந்தவரைப் பற்றி ஒன்றும் இருக்காது. அவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்கு மாமன், யாருக்குச் சகலன், இன்னார் கனடா, இன்னார் சுவிஸ், இன்னார் கிராண்ட்பாஸ் என்று உறவு மட்டும்தான் இருக்கும். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "உயிரோட இருக்கேக்க ஒருத்தனும் உறவைச் சரியாச் சொல்லமாட்டான், செத்தாத்தான் முழுக்க வெளியில வரும்" என்பார்.

இப்படிச் சேர்த்ததை எல்லாம் கொண்டு அவர் "வம்சாவளி" ஒன்று வரைந்துகொண்டிருந்தார். நாலு பெரிய தாள்களைப் பின்னால் துணி வைத்து ஒட்டி ஒன்றாக்கிய படம். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் விரித்து நாலு மூலையிலும் நாலு புத்தகம் வைப்பார். அவருடைய எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால், பென்சிலில் அவர் போட்டதை மையில் எழுதும் வேலை எனக்கு. ஒல்லாந்தர் காலம் வரைக்கும் அவர் கவனமாகத்தான் இருந்தார். சனிக்கிழமைகளில் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்துக்குப் போய், "தோம்பு" எனப்படும் அந்தக் காலத்துக் காணிப் பதிவேட்டில் எங்கள் முன்னோர் ஒருவருடைய பெயரையும், அதற்கு முன்னால் இருந்த "முதலியார்" பட்டத்தையும் கண்டுபிடித்து வந்தார். அதற்கு மேலே ஏற ஏற அவருடைய பென்சிலுக்குத் துணிச்சல் கூடியது. நல்லூரில் இருந்து ஆண்ட அரசர் ஒருவருடைய படைத்தலைவர் வந்தார், அவருக்கு மேலே மூன்று தலைமுறைக்கு வெறும் புள்ளிக்கோடு, புள்ளிக்கோட்டின் உச்சியில் கடல் கடந்து வந்த சோழ இளவரசர் ஒருவர். இதற்கெல்லாம் சாட்சியாக ஒரு செப்பேடு இருந்ததாம். பறங்கியர் காலத்தில் பயந்து கிணற்றில் போட்டுவிட்டார்களாம். எந்தக் கிணறு என்று நான் கேட்டேன். அப்பா பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

எண்ணிப் பார்த்தால் பதினான்கு தலைமுறை. படத்தில் அரசர்களும் முதலியார்களும் வரிசையாக நின்றார்கள். நாங்கள் காலையில் வாளியோடு குளியலறைக்கு வெளியே வரிசையாக நின்றோம். வீட்டுக்காரரின் மகன் உள்ளே பாட்டுப் பாடிக் குளித்து முடிக்கும் வரை சோழ வம்சம் வெளியில் காத்திருக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிய வந்த பொலிஸ்காரர்களோ எங்கள் வம்சத்தை மூன்றே வரியில் எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா அவர்களுக்குச் சிங்களத்தில் "ஒவ் மாத்தயா", ஓம் ஐயா, என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியதும் கட்டிலுக்கு அடியில் இருந்து படத்தை எடுத்து விரிப்பார். அந்த நேரங்களில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பதின்மூன்றாம் வரிசைதான் அப்பாவுடையது. தெஹிவளையில் இருந்த பெரியப்பாவின் பெயர் இடப்பக்கத்தில் மையில் இருந்தது, அப்பாவின் பெயர் நடுவில். வலப்பக்கத்தில் இன்னொரு கோடு இறங்கி, கீழே ஒரு பெயரும் இல்லாமல் நின்றது. இதில் யாரை எழுதுவது என்று கேட்டபோது, "அது கிடக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மாதான் சொன்னா, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல். அப்பாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாவாம், பரமேஸ்வரி என்று பெயராம், எனக்கு மாமி முறையாம், கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறாவாம். அவ கலியாணம் செய்தது ஒரு கணக்கு வாத்தியாரை. ஆனால் அந்த வாத்தியாரின் தகப்பன் ஊரில் எங்கள் வீட்டு உடுப்பு வெளுத்துக் கொடுத்தவர். மாமி வீட்டை விட்டுப் போன அன்றே அவ செத்துப்போனதாக நினைத்துக்கொள்வதென்று அண்ணன்மார் இருவரும் முடிவு செய்துவிட்டார்களாம். பெரியப்பா பிறகு மனம் இளகி இரண்டொரு தரம் களவாகப் போய்ப் பார்த்து வந்தார் என்றும், அதை அப்பாவிடம் சொல்லப்படாது என்றும் அம்மா சொன்னா.

அந்த விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது பெரியப்பா மாரடைப்பில் இறந்துபோனார். பெரியம்மா முன்னமே இல்லை, ஒரே மகன் கனடாவில், ஆகவே அறிவித்தல் எழுதும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய அறிவித்தல்களை வாசித்தவர், தமையனுடையதைத் திண்ணமாகச் சொல்லிக்கொண்டே போனார், நான் எழுதிக்கொண்டே போனேன். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற தாய் தகப்பன், காலஞ்சென்ற மனைவி, பாசமிகு தந்தையும், அன்பு மாமனாரும். சகோதரர் வரிசையில் முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு, "காலஞ்சென்ற பரமேஸ்வரி" என்றார்.

நான் பேனையைத் தூக்கிவிட்டேன். "மாமி செத்திட்டாவோ?" என்று கேட்டேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றா.

"எழுது" என்றார் அப்பா.

எழுதினேன். ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகு விளங்கியது. பெயரை விட்டுவிட்டால், ஒரு தங்கச்சி இருந்தாளே, அவள் எங்கே என்று ஊரவர்கள் கேட்பார்கள். பெயரைப் போட்டு முன்னால் அந்தச் சொல்லையும் போட்டுவிட்டால் கேள்வி அத்தோடு முடியும். முப்பது வருடமாக மரண அறிவித்தல் படித்த ஒருவருக்கு மட்டும்தான் இந்த யோசனை வரும்.

பொறளையில், இறந்தவர்களைப் பார்வைக்கு வைக்கும் ஒரு மலர்ச்சாலையில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் வந்தவர்கள் அப்பாவின் கையைப் பிடித்து, "தங்கச்சியும் போயிட்டாவாமே, எங்களுக்குத் தெரியாமல் போச்சுதே" என்றார்கள். "ஓம், கன காலம்" என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஒரு கிழவி அங்கேயே மாமியை நினைத்து ஒரு பாட்டம் அழுதும் முடித்தாள்.

பத்தரை மணியிருக்கும், வெள்ளைக் கைத்தறிச் சேலை உடுத்த ஒரு பெண் தனியாக உள்ளே வந்தா. நான் அவவை முன்னே பின்னே கண்டதில்லை. ஆனால் மூக்கும் நெற்றியும் அப்பாவினுடையவை. அழுத கிழவி கதிரையில் இருந்து எழும்பிவிட்டாள். மாமி யாரையும் பார்க்காமல் நேரே போய்ப் பெரியப்பாவின் கால்மாட்டில் நின்று, இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பத்திரிகைத் தாளை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்தா. சத்தம் போடுவா என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன், அதை விரும்பினேன் என்றும் சொல்ல வேண்டும்.

"சின்னண்ணை," என்றா. "நான் எப்ப செத்தனான் எண்டதையும் போட்டிருக்கலாம். பிள்ளையள் கேட்குதுகள்."

அப்பா பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தாளைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தா, போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டா. சொன்னேன். அந்த அறிவித்தலை எழுதினது நான்தான் என்பதையும் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவ படியிறங்கிவிட்டா.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அப்பா படத்தை விரித்து என்னைக் கூப்பிட்டார். வெறுமையாகக் கிடந்த கோட்டின் கீழே மாமியின் பெயரை மையில் எழுதச் சொன்னார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்து, நல்ல வடிவாக எழுதினேன். பிறகு பக்கத்தில் இறந்த வருடம் எழுதச் சொல்லி ஒரு வருடத்தைச் சொன்னார். அது மாமி கலியாணம் செய்த வருடம். அதற்குக் கீழே "சந்ததி இல்லை" என்றும் எழுதச் சொன்னார். மாமி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மை காயும் வரை நான் ஊதிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போனது அன்றுதான் என்று நினைக்கிறேன்; ஆனால் மரத்துப்போன இடம் வலிக்காது அல்லவா, அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

படத்தின் பிரதி ஒன்று கனடாவுக்குப் போனது. பெரியப்பாவின் மகன் அதைக் கணினியில் ஏற்றி, அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். உலகத்தில் எங்கெங்கோ சுவர்களில் மாமி அந்த வருடத்தில் இறந்து தொங்குகிறா, என் கையெழுத்தைப் பார்த்து அச்சடித்த எழுத்தில்.

வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை ஒன்றும் தூரமில்லை. இருந்தும் நான் போகவில்லை. முதலில் அப்பாவிடம் பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், பிறகு வேலை என்று சொல்லிக்கொண்டேன், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். இந்த மாசியில், ஒரு விடியற்காலையில், அப்பா நித்திரையிலேயே இறந்துபோனார். உடலை மலர்ச்சாலைக்கு அனுப்பிவிட்டு அறிவித்தல் எழுத உட்கார்ந்தபோது சகோதரர் வரிசையில் கை நின்றது. அம்மாவிடம் விலாசம் இருந்தது. நான் கேட்காமலே எடுத்துத் தந்தா. ஒரு முச்சக்கர வண்டியில் ஏறிப் போனேன். இந்தத் தரம் அந்தச் சொல்லைப் போடாமல் எழுதுவேன் என்று மாமியிடம் நேரில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் போனேன்.

கதவைத் திறந்தது மாமியின் மகன் ரவி. எனக்கு மச்சான் முறை. தலை நரைத்திருந்தது, பின்னால் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் யாரென்று சொன்னதும் இருத்தித் தண்ணீர் தந்தார். மாமி இறந்து நாலு வருடமாம். உள்ளே போய், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் மாமி தானே எழுதிவைத்துவிட்டுப் போன அறிவித்தலாம், ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுத்தார்களாம். அதில் அவ கணவரின் தாய் தகப்பன் பெயர் முதலில் இருந்தது, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கடைசியில் அண்ணன்மார். அண்ணன்மாரில் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் மட்டும் காலஞ்சென்ற என்று இருந்தது. அப்பாவின் பெயர், வெள்ளவத்தை என்று அடைப்புக்குறிக்குள் இடமும் போட்டு, உயிரோடு இருந்தது.

"மாமா பேப்பர் பார்ப்பார், வருவார் எண்டு அம்மாவை ரெண்டு நாள் கூடுதலா வைச்சிருந்தனாங்கள்" என்றார் ரவி. அதில் குற்றம் சொல்லும் குரல் இல்லை. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இப்ப அந்தச் சொல்லைத் தாராளமாப் போடுங்கோ மச்சாள். இப்ப பிழையில்லை."

அனெக்ஸ் இருந்த வளவில் இப்போது எட்டு மாடி நிற்கிறது. மரண அறிவித்தல்கள் படத்தோடு கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன, வெட்ட ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா கடைசி வரை பத்திரிகைதான் எடுப்பித்தார். வாசிப்பது கடைசிப் பக்கம் மட்டும்தான், பூதக்கண்ணாடி வைத்து, ஒரு வரி விடாமல். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பத்திரிகையும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அதை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்ததும் நானாகத்தான் இருக்கும். அது எந்த நாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்று அவர் சாப்பிடாமல் இருந்தாரா, ஏதாவது சொல்லத் தொடங்கி நிறுத்தினாரா, ஜன்னலோரம் போய் நின்றாரா என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்படி ஒரு நாளும் இல்லை. எல்லா நாளும் அவர் எட்டு மணிக்குச் சாப்பிட்டார், கை கழுவினார், தேத்தண்ணி கேட்டார்.