ஈரமில்லாதவள்

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மையார் மூன்றாவது முறையாகக் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். கயிறு ஒழுங்காகத்தான் இருக்கிறது. எதிரே நடைப்பயிற்சிக்காரர்கள் இருவர் நின்று முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். நகர்கிற பாடாக இல்லை. ஒருவழியாக அவர்கள் முதுகைக் காட்டிய நொடியில் இவருடைய இடக்கை பெஞ்சுக்கு அடியில் போய்த் திரும்புகிறது. கைக்குள் தீப்பெட்டி அளவில், காந்தம் ஒட்டிய ஒரு தகரப் பெட்டி. மடியில் வைத்துத் திறந்து, மூடியின் உட்பக்கத்தை விரலால் தடவி, அந்த விரலை மேலுதட்டில் வைத்துப் பார்க்கிறார்.

"விரல் ஏமாத்தும். உதடு ஏமாத்தாது," என்கிறார் என்னிடம். "காய்ஞ்சுதான் இருக்கு. எழுந்திருங்க, அடுத்ததுக்குப் போவோம்."

ஜியோகேச்சிங் என்ற இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெட்டியை ஊரில் எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைப்பேசிச் செயலியில் போடுவார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் தேதியும் புனைபெயரும் எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். விவரம் தெரியாத வழிப்போக்கர் கண்ணில் படக் கூடாது. பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது.

ஒளித்து வைக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஒளித்ததைத் திரும்பப் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. முதல் மழையில் மூடி இளகும். அடுத்த மழையில் குறிப்பேடு கூழாகும். அதற்கடுத்த மழைக்குள் எறும்புகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்திருக்கும். வைத்தவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். இவருக்கு ஊரெங்கும் இருபத்தேழு பெட்டிகள். இருபத்தேழையும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடுகிறார். செயலியில் இவருடைய புனைபெயர் 'ஈரமில்லாதவள்'. அதைக் கேட்டதும் கணவர் சொன்னாராம்: "இப்பவாவது நீயே ஒத்துக்கிட்டியே!"

இவர் எனக்கு அறிமுகமானதே ஒரு புகாரால்தான். இரண்டு வருடங்களுக்கு முன், நூலகத்துப் பின்சுவரில் இவர் வைத்திருந்த பெட்டியைக் கண்டுபிடித்து, 'பென்சில் மொக்கை' என்று செயலியில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதில் வந்திருந்தது: 'சீவியாச்சு. வந்து எழுதிப் பாருங்க.' வேலைக்குப் போகிற வழியில் பேருந்தை விட்டு இறங்கி, பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்காமல் விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வேலை, மருத்துவமனையில். அறுவை அரங்குக்கு இரண்டு மாடி கீழே, ஜன்னல் இல்லாத ஒரு நீளமான அறை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கே கழுவப்பட்டு, எண்ணப்பட்டு, துணியில் கட்டப்பட்டு, நீராவிக் கலத்துக்குள் போய்க் கிருமி நீங்கி வெளியே வரும். இருபத்துநான்கு வருடமாக இவர் அந்தக் கட்டுகளைக் கட்டுகிறார். கலத்திலிருந்து வரும் கட்டில் கடுகளவு ஈரம் தட்டினாலும் முழுவதையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஈரம் இருந்தால் கிருமிக்கு வழி இருக்கிறது என்று கணக்கு. "மேல படுத்திருக்கிறவங்களுக்கு டாக்டர் மூஞ்சி தெரியும், நர்ஸ் மூஞ்சி தெரியும். என்னை யாருக்குங்க தெரியும்? ஆனா என் கட்டு திரும்பி வந்ததா ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க பாப்போம்," என்று சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது.

அந்தக் கைப்பழக்கம்தான் பெட்டிகளுக்கும் வந்தது. கடையில் வாங்கிய எந்த டப்பாவையும் இவர் நம்புவதில்லை. உள்ளே செய்தித்தாள் துண்டு ஒன்றைப் போட்டு மூடி, குளியலறை வாளியில் செங்கல்லை ஏற்றி முழுக வைப்பார். காலையில் சுடுநீர், மாலையில் குளிர்ந்த நீர். இரண்டு நாள். "சூடு ஆறும்போதுதான் டப்பா மூச்சை உள்ள இழுக்கும். தண்ணி அப்பதான் திருட்டுத்தனமா போகும்," என்பது இவர் நீராவிக் கலத்திடம் கற்றது. பத்தில் ஆறு தோற்றுவிடும். தோற்றவை சமையலறைக்குப் போய்ப் பருப்பும் மிளகும் சுமக்கின்றன.

கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலேயே வாழ்நாள் கழிந்ததால், எந்த வாகனத்தில் ஏறினாலும் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும். நான் முதல் முறை வீட்டுக்குப் போனபோது துண்டும் தோளுமாக நின்றுகொண்டிருந்தார்.

"குளிக்கப் போனா வாளிக்குள்ள ஒரு டப்பா முழுகிக் கெடக்குது. எடுத்து வெளிய வச்சா, 'பரீட்சை நடக்குது, தொடாதீங்க'ங்கறா. மனுசன் குளிக்கறதுக்கு ஒரு டப்பாகிட்ட அனுமதி கேக்கணும் சார்."

"ஒரு நாள் குளிக்கலைன்னா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இப்படிக் கேலி பேசுகிறவர்தான், யாருக்கும் தெரியாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தனியாக அலைந்து, மனைவியின் முதல் பெட்டியைக் கண்டுபிடித்தவர். நகரத்துக்கு நடுவே ஓடும் கால்வாயில், கரைச் சுவரோடு ஓர் இரும்பு ஏணி இறங்குகிறது. அதன் மூன்றாவது படிக்குப் பின்னால் கம்பியால் கட்டிய பெட்டி அது. நான்கு பக்கமும் கொக்கி போட்ட மூடி, உள்விளிம்பில் ரப்பர் வளையம். ஆறு வருடத்தில் முந்நூற்று நாற்பது பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கணவர் எழுதியது இது: 'மூணு ஞாயிறு போச்சு. கிடைச்சிருச்சு. விவரம் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இப்படிக்கு, டிரைவிங் மாஸ்டர்.' அடுத்த சுற்றில் அதைப் படித்தபோது கால்வாய் ஓரத்தில் தனியாக நின்று சிரித்ததாக அம்மையார் சொன்னார். வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லையாம். "காட்டிக்கிட்டா தலையில ஏறி உக்காந்துக்குவாரு."

போன மழைக்காலத்தில் ஐந்து நாள் விடாமல் பெய்தது. கால்வாய் பெருகிக் கரைமேல் ஏறிச் சாலையில் ஓடியது. மருத்துவமனையில் மாற்று ஆள் வர வழியில்லாமல் இவர் இரண்டு ஷிப்ட்டும் பார்த்தார். ஆறாம் நாள் வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கால்வாய்க்குப் போனார். பெட்டி இல்லை. ஏணியே இல்லை. சுவரில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன.

மற்ற இருபத்தாறையும் அந்த வாரமே சுற்றி வந்தார். எல்லாம் இருந்தன, எல்லாம் காய்ந்திருந்தன. ஆனால் போனதுதான் மனதில் நின்றது. செயலியில் தானே எழுதினார்: 'வெள்ளத்தில் போய்விட்டது. இனி தேட வேண்டாம்.' அதற்குக் கீழே பலரும் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர் ஆறுதலாக நினைத்துக்கொண்டு, 'விடுங்க, இந்நேரம் உள்ளே எல்லாம் கூழாகியிருக்கும்' என்று எழுதிவிட்டார். அதுதான் பற்றிக்கொண்டது.

"தண்ணி அடிச்சுட்டுப் போகலாம். அது தண்ணியோட பலம். உள்ள போறது வேற விசயம். அது என் வேலை," என்றார் என்னிடம். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"புதுசா ஒண்ணை வாங்கி அங்கயே மாட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே."

பத்தொன்பது நாள் கழித்து அம்மையாருடைய கைப்பேசி ஒலித்தது. முன்பு ஒரு தடவை யாரோ இவருடைய பெட்டியைப் பார்த்து வெடிகுண்டு என்று போலீசைக் கூப்பிட, பாதிச் சாலையை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மூடியிலும் 'இது விளையாட்டுப் பெட்டி' என்று எழுதி, தன் எண்ணையும் செதுக்கி வைத்திருக்கிறார். கூப்பிட்டவர், கால்வாய் போய் முடியும் இடத்தில் மதகைத் திறந்து மூடுகிற காவலாளி. பதினோரு கிலோமீட்டர் தள்ளி.

"அம்மா, மதகுக் கம்பியில குப்பையோட குப்பையா ஒரு டப்பா சிக்கியிருந்துச்சு. மூடியில உங்க நம்பர் இருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

"அண்ணே! போடாதீங்க. திறந்து பாத்தீங்களா?"

"இல்லம்மா. எதுக்கு வம்புன்னு..."

"திறக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. தண்ணிய ஊத்திக் கழுவாதீங்க. அப்படியே இருக்கட்டும். நான் வரேன்."

"டப்பாதானம்மா?" என்று மதகுக்காரர் கேட்டது அடுத்து நின்ற எனக்கே கேட்டது.

அடுத்த ஞாயிறு காலை மூவரும் பேருந்தில் போனோம். கணவர் கடைசி வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.  அம்மையார் மடியில் இருந்த பையின் வாரை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். பாதி வழியில் கணவர், "ஈரமா இருந்தாத்தான் என்ன இப்ப? பதினோரு கிலோமீட்டரு. கப்பலே முழுகியிருக்கும்," என்று மெதுவாகச் சொன்னார். அம்மையார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதகுக்காரர் அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில், நீர்மட்டம் எழுதும் பலகை. மேசைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் பெட்டியை நடுவாக வைத்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, சேறு காய்ந்து, நான்கு கொக்கிகளில் ஒன்று உடைந்து போயிருந்தது. அம்மையார் குழாயடிக்குப் போய் முழங்கை வரை கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். இந்த நிதானத்தோடுதான் இருபத்துநான்கு வருடமாகக் கட்டுகிறார் என்று தோன்றியது. எங்கள் மூவருக்கும்தான் பொறுக்க முடியவில்லை.

மூன்று கொக்கிகளும் ஒவ்வொன்றாக எழும்பின. மூடியைத் தூக்கினார். குறிப்பேட்டை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்து, ஒரு மூலையைப் பிடித்து உதறினார்.

சடசடவென்று சத்தம் கேட்டது. உதட்டில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

 பிறகு அம்மையார் ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த மணிப் பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்; ஈரம் பட்டால் சிவக்கிற நீல மணிகள். "நீலம் மாறலை. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கு. கொக்கி உடைஞ்ச பக்கம். அடுத்த தடவை அந்த இடத்துல வளையத்தை ரெண்டாப் போடணும்."  

கணவர் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். தன் பக்கம் வந்ததும் நின்றார். எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. "நான் எழுதினது அப்படியே இருக்குடி," என்றார்.

"பென்சில்ல எழுதினா கரையாது. அதுக்குத்தான் பென்சில் வைக்கிறேன்."

"இத்தனை வருசமா படிச்சும் ஒண்ணும் கேக்கலையே நீ?"

"என்ன கேக்கணும்? கல்யாணம் பண்ணிக்கிட்டது உண்மைதானே?"

மதகுக்காரர் பெட்டியைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இந்த மழையில மாடு வந்துச்சு, மரம் வந்துச்சு, யார் வீட்டுக் கதவோ வந்துச்சு. எல்லாம் ஊறி உப்பித்தான் வந்துச்சு. என் வீட்டுச் சக்கரை டப்பா அலமாரியிலேயே உக்காந்துக்கிட்டு கட்டியாப் போகுது. எந்தக் கம்பெனி டப்பாம்மா இது?"

"கம்பெனியில என்னண்ணே இருக்கு? யாரு மூடினான்னு கேளுங்க," என்றார் கணவர். இவர் மனைவியை மெச்சிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மையாரும் கேட்டிருக்க வேண்டும். துடைத்த மூடியையே மறுபடி துடைத்தார்.

முந்நூற்று நாற்பத்தொன்றாவது ஆளாக மதகுக்காரர் கையெழுத்துப் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. தேதிக்குப் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதினார். பழக்கம் விடவில்லை. அம்மையார் அங்கேயே நின்று படம் எடுத்துச் செயலியில் போட்டார். பிரித்த பக்கம், அதற்குக் கீழே ஒரே வரி: 'கூழாகவில்லை.' ஐந்து நிமிடத்துக்குள் கைப்பேசி இருபது தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமல் பைக்குள் போட்டுவிட்டார். ஆனால் அது அதிரும் ஒவ்வொரு தடவையும் ஓரக்கண் பை பக்கம் போய் வந்தது.

"அப்ப எடுத்துட்டுக் கிளம்பறீங்களா?" மதகுக்காரர் கேட்டதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அம்மையார் வெளியே வந்து சுற்றிலும் பார்த்தார். மதகுச் சுவர், பழைய சக்கரம், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி. "இந்தத் தடவை தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுண்ணே?" மதகுக்காரர் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார். அம்மையாரின் பார்வை அந்தக் கோட்டுக்கு மேலே மெல்ல ஊர்ந்து போய், எங்கோ ஓரிடத்தில் நின்றது.

"இங்கயே வைக்கலாமாண்ணே? உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

"தாராளமா வைங்கம்மா! நான் தினமும் பாத்துக்கறேன்."

"நீங்க பாக்கவே கூடாது. அதாண்ணே விளையாட்டு." உடைந்த கொக்கிக்குப் பையிலிருந்து மாற்றுக் கொக்கி வந்தது, புதுப் பொட்டலம் வந்தது, மூடி மூடியது. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

மதகுக்காரர், நான், கணவர், மூவரும் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மதகுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணையும் மூடிக்கொண்டார். பின்னால் காலடிச் சத்தம் படியேறிப் போனது, நின்றது, மறுபடி இறங்கி வந்தது. வேலை முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன். பெட்டி இன்னும் அவர் கக்கத்தில்தான் இருந்தது. லேசாகக் கழுத்தைத் திருப்பியிருந்த கணவரின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி படியேறிப் போனார்.