வேலிக்கு வெளியே ஒரு பொங்கல்

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டபோது, அம்மன் கோயில் வேலிக்கு வெளியே போய்விட்டது. ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம். அதனால் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. பால்மரம் வெட்டப் போகும்போதெல்லாம் மடியை உதறிக் காட்ட வேண்டும்.

என் மகள் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் கோயில் வாசலில் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். மூன்று வருடமாகியும் பொங்கல் வைக்க முடியவில்லை. அவள் ஒரு தும்மல் போட்டாலும் ஆத்தாளுக்குக் கோபமோ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அப்போதுதான் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது: வெளிநாட்டு விருந்தாளிகளை அழைத்துவந்து தோட்டத்துத் திருவிழாவைக் காட்டுவது. நாடு அமைதியாக இருக்கிறது என்று அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டுமாம். நல்ல அமைதிதான், துப்பாக்கிக் காவலோடு! சிரம்பானிலிருந்து வந்த தமிழ் அதிகாரியும் எங்களை வேலை வாங்குபவரும் கோயில் தலைவருமான மண்டோரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே ஒரு பானைக்கு அரிசி வெளியே போகலாம் என்று முடிவானது. நேர்த்திக்கடன் பாக்கி வைத்திருந்த பெண்கள் நாங்கள் எட்டுப் பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது.

விருந்தாளிகள் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. பூசாரி சொன்ன நல்ல நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன். பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அப்பாடா, தீர்ந்தது.

அரைமணி நேரம் கழித்துத்தான் கார்கள் வந்தன. அதிகாரி பானையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பொங்கிருச்சா? போட்டோ புடிக்கணுமே! கொஞ்சம் பால ஊத்தி இன்னொருக்கா பொங்க வைங்க."

"என்னா சார், வெளையாடுறீங்களா? பொங்குனது பொங்குனதுதான். ஆத்தா முன்னால கூத்து கட்டச் சொல்றீங்களா? முடியாதுலா!"

மண்டோர் என்னைத் தனியே கூட்டிப்போனார். "தங்கச்சி, ஒன் கடன் முடிஞ்சிருச்சு. மத்த ஏழு பேத்துக்கு? இவங்க மூஞ்சிய தூக்கிக்கிட்டுப் போனா அடுத்த வருசம் கேட்டத் தொறக்க மாட்டாங்க."

ஏழு பேரும் அடுப்புப் பக்கத்தில்தான் நின்றார்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலும் தண்ணீரும் ஊற்றி அடுப்பைத் தூண்டினேன். நுரை ஏறி வழிந்தது. மறுபடியும் குலவை. வெள்ளைக்காரம்மா ஒருத்தி கைதட்டினாள். அம்மன் பக்கம் திரும்பவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் ஏழு பானைகளுக்கும் அனுமதி வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: விருந்தாளிகள் வரும்வரை எந்தப் பானையும் பொங்கக் கூடாது. வெயில் ஏறியது; கார்களைக் காணோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பானைகளின் விளிம்பில் நுரை கட்டியது. மண்டோர் என்னைப் பார்த்தார். பானை பொங்கிவிடாமல் ஏழு அடுப்பிலும் குனிந்து, எரிந்துகொண்டிருந்த கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்டது நான்தான்.