அப்படி யாரும் இல்லை

அடையாற்றங்கரையில் எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. கையில் கோப்புடன் யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்பிடி யாரும் இல்ல சார்" என்று சொல்லிவிட வேண்டும். போலீஸானாலும் சரி, கரண்ட் ஆபீஸ் ஆளானாலும் சரி. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பெரியப்பா ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி. எழுபதைத் தாண்டி, சிறுநீரகம் இரண்டும் கெட்டு, நடக்க முடியாமல் போனார். கடைசிக் காலத்தை வீட்டில் கழிக்கட்டும் என்று முன்விடுதலை கேட்டோம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மனுவை நான்தான் எழுதினேன். மறுத்துப் பதில் வந்தது. கவனித்துக்கொள்ள அந்த முகவரியில் உறவினர் எவரும் இல்லையாம்.

நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வந்திருக்கிறார். பெரியம்மா வீட்டு வேலைக்கு மந்தைவெளி போயிருந்த நேரம். சந்து முனையில் ஆப்பம் சுடும் அக்கா வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"கையில ஃபைலு, காலுல ஷூவு. போலீஸுன்னு நெனச்சேன்க்கா," என்றாள் பெரியம்மாவிடம்.

"அவரே உள்ள கீறாரு. உள்ள கீறவர போலீஸு ஏன்டி வெளிய வந்து தேடுது?" என்றாள் பெரியம்மா.

அக்கா ஓர் ஆப்பத்தைத் தட்டில் வைத்து நீட்டினாள். பெரியம்மா வாங்கவில்லை.

சிறையில் பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது, மனுவை மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"ஆறு இன்னும் நாறுதா நைனா?"

"நாறுது."

"அப்போ ஆத்த சுத்தம் பண்றேன்னு இன்னும் வூட்ட இடிக்கல. மறுபடி எழுது."

எழுதினேன். பெரியம்மா வேலையை விட்டுவிட்டு, சந்து முனையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கொசு மருந்து அடிக்க வந்தவர்களைக்கூட, "எங்கூட்டுக்காரரத்தான கேக்க வந்த?" என்று மடக்கினாள். ஒருநாள் கோப்புடன் வந்தவர், ஆமாம் என்றார்.

உத்தரவு கிடைத்தது. பெரியப்பாவை அழைத்து வந்த ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையாது. அவரை உட்கார வைத்துத் தூக்கிப்போக நாற்காலி கொண்டுவர நான் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது, டிரைவர் கையில் காகிதத்துடன் அக்காவிடம் பெரியப்பா பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடி யாரும் இல்லையே," என்றாள் அவள், நிமிராமல், மாவை ஊற்றியபடி.

வண்டிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு குரல்.

"அடியே, இங்கதான்டி கீறேன்."