மகன் பெயரில் ஓர் உதவித்தொகை

எந்த அறைக்குள் வந்தாலும் அவர் முதலில் மேற்கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்காருவார். சுரங்கவியல் ஆராய்ச்சிக்குப் போன அவருடைய ஒரே மகன், சுரங்கத்துக்குள் கூரை சரிந்து இறந்துபோனான். அவன் பெயரில் எங்கள் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை வைத்திருந்தார். மாணவரைத் தேர்ந்தெடுக்க வருடா வருடம் ஊரப்பாக்கத்திலிருந்து வருவார்.

ஒரு வருடம் நேர்காணலுக்கு வந்த மாணவர்களில் ஒரு பெண்தான் கெட்டிக்காரி. சுரங்கக் கூரை சரியப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி.

"உள்ள இறங்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"இறங்காம எப்படி சார்? பாறை விரிசல் விடற சத்தத்த அங்கதானே கேக்க முடியும்."

அவள் வெளியே போனதும் என்னிடம், "லேப்ல உலோகம் உருக்கற பையனுக்கே குடுத்துடுங்க சார்" என்றார்.

"இந்த ஆராய்ச்சி முன்னாடியே நடந்திருந்தா உங்க பையன் பிழைச்சிருப்பான் சார்" என்றேன்.

"தெரியும் சார். ஆனா அவன் பேரச் சொல்லி யாரும் கீழ போக வேணாம்."

அந்தப் பெண் வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குப் போய்விட்டாள். தாம்பரம் ஸ்டேஷனில் எப்போது என்னைப் பார்த்தாலும் அவர் விசாரிப்பது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு மேல வந்துடுச்சா சார்?"