எட்டு பத்து பஸ்ஸின் பூஜ்யப் பயணிகள்

2021 அக்டோபர் 4. வசூலான கட்டணம் 3,060 யென். பயணிகள் 0.
அக்டோபர் 5. வசூலான கட்டணம் 2,720 யென். பயணிகள் 0.
அக்டோபர் 6. வசூலான கட்டணம் 3,060 யென். பயணிகள் 0.

வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகையில் இதைப் படித்ததும் மிமுரா தொகுஜிக்குத் தேநீர் புரையேறியது. ஒகுதானி பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். போன வருடம் கார் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு இருந்தது காலை எட்டு பத்து பஸ் ஒன்றுதான். பயணிகளே இல்லாததால் அதை ஏப்ரல் முதல் நிறுத்துவது பற்றி டிசம்பர் 14 அன்று முடிவெடுப்பார்கள் என்று பலகை சொன்னது.

"நீங்க தினமும் ஆவியாத்தான் போயிட்டு வர்றீங்களா?" என்றாள் மனைவி சுமியே.

மறுநாள் அதே பஸ்ஸில் நகராட்சி அலுவலகம் போனார். போக்குவரத்துப் பிரிவில் குராஹாஷி என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. எந்த ஊரில் எத்தனை பேர் எங்கே ஏறுகிறார்கள், எந்த பஸ் தேவை என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் நிரலை, வேறு பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து எழுதியவர்.

"கம்ப்யூட்டர்தான் பூஜ்யம்னு சொல்லுது, மிமுரா-சான்."

"இப்ப உங்க முன்னால நிக்கிறது யாரு?"

"அது வந்து… இந்த நிரலை எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்கோம். தப்பு இருந்தா யார் வேணும்னாலும் திருத்தலாம்."

"அப்ப அச்சடிச்சுக் குடுங்க."

"எல்லாத்தையுமா?"

186 பக்கம். கணப்பு மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு பதினோரு நாள் படித்தார். நிரல் மொழி ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் இடையிடையே குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருந்தன. 97ஆம் பக்கத்தில் அகப்பட்டது: 'பெயர் தெரியாத நிறுத்தம் என்றால் அந்த வரியைத் தள்ளிவிடு.'

மலைமேல் நிறுத்தமே கிடையாது. கை காட்டிய இடத்தில் பஸ் நிற்கும். ஓட்டுநர் 'பெர்சிமன் மரம்', 'தோஃபு கடை எதிரே' என்று எழுதி வைப்பார். நிரல் அத்தனை பேரையும் குப்பையில் போட்டிருந்தது.

மிமுரா பாதையை நடந்தே அளந்து, கை காட்டும் அறுபத்து மூன்று இடங்களையும் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, நாற்பத்தொரு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினார். அலுவலக இயந்திரம் மூச்சடைத்து நின்றது.

குராஹாஷி அதைப் பொது நிரலில் சேர்த்தார். மறுபடி கணக்குப் போட்டதில் அக்டோபர் 4இல் பயணிகள் ஒன்பது. அந்தச் சேதி கேட்ட இரவு மிமுரா இரண்டு கிண்ணம் சாகே குடித்தார்.

நவம்பர் 29 அன்று குராஹாஷி தொலைபேசியில் அழைத்தார். "வடக்குக் கடலோர ஊர்லேருந்து ஒரே சண்டை, மிமுரா-சான். அவங்க ஊர்லயும் ஒரு தோஃபு கடை இருக்காம். அங்க ஏறுற அம்மா தினமும் நம்ம மலையிலேருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் வந்து மீன் வாங்குறதா கணக்கு காட்டுதாம். 'இந்தத் திருத்தத்தை எடுத்துத் தூரப் போடுங்க'ன்னு கத்துறாங்க."

திருத்தம் போனால் மறுபடியும் பூஜ்யம். பதினைந்து நாள்தான் இருந்தது.

மிமுரா தம் பட்டியலை எடுத்துப் பார்த்தார். காது சிவந்தது. முப்பத்தொரு வருடமாக எந்த இடத்தை எழுதினாலும் முதலில் ஊர்ப் பெயரையும் வழித்தட எண்ணையும் போட்டுவிட்டுத்தான் எழுதுவார். இந்த ஒரு தடவை, கோபத்தில், போடவில்லை.

"தப்பு அவங்க மேல இல்ல. என் மேல."

"அப்ப புதுசா அனுப்புறீங்களா?"

"நாப்பத்தொரு பக்கம்."

"ஐயையோ, ஃபேக்ஸ்ல வேணாம்! நானே வந்து வாங்கிக்கிறேன்."

"எட்டு பத்து பஸ் திரும்பறப்ப அதுல வாங்க. ஒரு ஆள் கூடும்."

குராஹாஷி வந்தார். பெர்சிமன் மரத்தடியில் இறங்கினார். ஓட்டுநர் அதையும் எழுதிக்கொண்டார். புதுப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர்ப் பெயர் வந்தது. வடக்குக் கடலோர அம்மாவும் தம் ஊர்த் தோஃபு கடைக்கே திரும்பினார்.

டிசம்பர் 14 அன்று கூட்டம் நடந்தது. முடிவைக் கடிதத்தில்தான் தெரிவிப்பார்களாம். மிமுரா ஏழு நாள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். எட்டாம் தடவையோ ஒன்பதாம் தடவையோ அல்ல. குறித்து வைத்திருக்கிறார், இருபத்தாறாம் தடவை உறை இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகும் எட்டு பத்து பஸ் ஓடும்.

கடிதம் வந்து சேர்ந்தது: 2021 டிசம்பர் 21.