கயிற்றின் மேல் உட்கார்ந்தோம்

இன்றைக்கும் டிவியில் எந்தத் தலைவராவது மேடையேறிக் கையைத் தூக்கினால், எனக்குக் கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்த வள்ளம்தான் ஞாபகம் வருகிறது.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கரைவலைக் கயிறு இழுக்கப் போய்விடுவோம். அதற்காக வலைக்காரர் ஒரு கூடை மீன் ஒதுக்குவார். பங்கு வைப்பவன் எங்களில் மூத்த ஒரு தடியன். கணவாயும் நண்டும் அவனுக்கு, முள்ளாய்க் கிடக்கும் காரல் பொடிமீன் எங்களுக்கு. கணவாய் என்றால் என் அம்மாவுக்கு உயிர். ஒரு நாளாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்று துடித்தேன்.

ஒரு காலை, வலை பாதி கடலில் கிடக்கும்போதே நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் என் பெரியப்பா மகன் வள்ளத்தின் மேல் ஏறிவிட்டான். “ஏலே, இழுக்கது எல்லாரும், திங்கது ஒருத்தனா? உக்காருங்கலே!”

அவ்வளவுதான், கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டோம்! மீன் வாங்க வந்த அண்ணாச்சி செல்போனில் படம் பிடித்தார். “அந்தப் பய இனிமே பங்கு வைக்க மாட்டாம்ல, எந்திரிங்க!” என்று வலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது.

அன்றிலிருந்து பெரியவர்களின் வழக்கமே எங்களுக்கும். மீனைக் கூறு போட்டு வைப்போம். ஒருவன் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பான். நிற்பவன் பார்க்காமலே பெயர் சொல்ல வேண்டும். தினம் ஓர் ஆள் நிற்பதென்று அண்ணன் சட்டம் போட்டான். முதல் நாளே எனக்குக் கணவாய்! வீடு வரை ஓடினேன்.

கொஞ்ச நாளில், நிற்பவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதாகப் புகார் வந்தது. “இனிமே நானே நிக்கேன்” என்றான் அண்ணன். கைதட்டினோம். பிறகு, “நான் திரும்பி நின்னா களவாங்குதவன யாரு பாப்பா?” என்று மீனைப் பார்த்தபடியே நின்றான். அதற்கும் கைதட்டினோம். ஒரு பையன் மட்டும் இது சரியில்லை என்று கயிற்றின் மேல் உட்கார்ந்தான். “துரோகிப் பயல வெரட்டுங்கலே!” என்றான் அண்ணன். தொண்டை கட்டும்வரை நானும் கத்தி விரட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று வீட்டில் பையைக் கவிழ்த்தேன். காரல் பொடி.

“ஏளா, கணவாய் கெடைக்கலையா?” என்றாள் அம்மா.

“இப்ப நம்ம அண்ணன்தாம்மா பங்கு வைக்கான்!”

“முன்ன அந்தத் தடியன் வைக்கையிலயும் இதத்தான கொண்டாந்த?”

பாவம், அம்மாவுக்கு அரசியல் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.